தேய்ந்த பழைய நாணயத்தின் காலமும் வெள்ளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டெண் அழிந்து, எழுத்துகள் மழுங்கி, முகத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய ஒரு நாணயம் கைக்கு வரும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன: இது எந்தக் காலத்தது, இதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது. இவற்றைத் தனித்தனியாகத் தேடுவோர் பெரும்பாலும் இரண்டிலும் தடுமாறுகிறார்கள். நாணயத்தை வெளியிட்ட அரசு எது, அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்பது உறுதிப்பட்டால் வெள்ளியின் அளவு அதனுடனே தெரிந்துவிடும் என்பதே கீழ்வரும் விடைகளுக்கு அடிப்படை.

நாணயம் வெள்ளியா இல்லையா என்பதைத்தானே முதலில் சோதிக்க வேண்டும்?

இல்லை. அது எந்த நாணயம் என்பதையே முதலில் கண்டறிய வேண்டும். இயந்திரத்தில் அடிக்கப்பட்ட நாணயங்களின் எடையையும் தூய்மையையும் அந்தந்த நாட்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. நாணயச்சாலைகள் அந்த வரையறையிலிருந்து மிகச் சிறிய அளவே விலக அனுமதி இருந்தது. ஆகவே 1920க்கு முந்தைய பிரிட்டிஷ் ஷில்லிங் என்று தெரிந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்றும், 1964 வரையிலான அமெரிக்க அரை டாலர் என்று தெரிந்தால் 900 பங்கு என்றும் எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடலாம். அதற்கு மாறாக, சோதனையிலிருந்து தொடங்கினால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. 925 பங்குக் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10.36 கிராம், 900 பங்குக் கலவையின் அடர்த்தி 10.31 கிராம், இவ்வளவு சிறிய வேறுபாட்டை வீட்டுத் தராசு காட்டாது. கையில் இருப்பது உண்மையிலேயே அந்த நாணயம்தானா, அல்லது அதன் வேடமிட்ட வேறொன்றா என்பதற்கு விடை சொல்வதுதான் சோதனையின் வேலை.

துலக்கிவிட்டால் எழுத்துகள் தெளிவாகத் தெரியாதா?

தெரியாது, இருப்பதும் போய்விடும். வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. அதை உரசி எடுக்கும்போது வெள்ளியும் சேர்ந்தே போகிறது. அதைவிட முக்கியமானது, தேய்ந்த நாணயத்தில் எழுத்துகளின் அடிவரம்புகளில் தங்கியிருக்கும் அந்தக் கருமைதான் மழுங்கிய எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்பது. பற்பசை, அமிலம், சாம்பல், உலோகத் துலக்கிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காற்றோட்டமான இடத்தில், தீ அருகில் இல்லாதபோது, அசிட்டோனில் நனைத்தெடுக்கலாம். மண் ஒட்டியிருந்தால் வாலைவடிநீரில் ஊறவைக்கலாம். பிறகு மென்துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும், தேய்க்கக் கூடாது.

ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலால் அரித்து ஆண்டெண்ணை வெளிக்கொணரும் முறை ஒன்று உண்டு. 1913 முதல் 1938 வரை அடிக்கப்பட்ட, எருமை பொறித்த அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்தில் ஆண்டெண் மிக எளிதில் தேயும் இடத்தில் இருந்ததால் அதற்கென்றே இது பரவியது. அது செம்பு-நிக்கல் நாணயம். அங்கும்கூட எண் தெரிந்த மறுகணமே நாணயம் சேகரிப்பாளர்களின் மதிப்பை இழந்துவிடுகிறது. வெள்ளி நாணயத்தில் இதை முயல எந்த நியாயமும் இல்லை.

அப்படியானால் மழுங்கிய எழுத்தை எப்படிப் படிப்பது?

வெளிச்சத்தைக் கீழே இறக்குவதுதான் வழி. இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை நாணயத்தின் தளத்துக்கு ஏறத்தாழ இணையாகப் பக்கவாட்டில் வைத்து, நாணயத்தை மெல்லச் சுழற்றினால், விரலுக்கும் தட்டுப்படாத மேடுகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிழல் விழுத்தித் தோன்றும், அடுத்த கோணத்தில் மறையும். ஒவ்வொரு கோணத்திலும் கைப்பேசியை அசைக்காமல் ஒரு படம் எடுத்து, அவற்றைக் கருப்பு-வெள்ளையாக்கி அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு படத்தில் கிடைத்த பாதி எழுத்தை இன்னொரு படம் நிறைவு செய்யும். பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். அதற்கு மேல் போனால் கீறல்கள்தான் எழுத்துகளாகத் தோன்றத் தொடங்கும்.

எதைப் படிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஆண்டெண்ணையே முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. முகத்தின் கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, மகுடத்தின் உச்சி ஆகிய உயர்ந்த பகுதிகள் முதலில் தேய்கின்றன. விளிம்பு வரம்பை ஒட்டிய எழுத்துகள் அந்த வரம்பின் பாதுகாப்பில் நெடுநாள் நிற்கின்றன, ஆனால் வரம்பே தேய்ந்து தளத்தோடு சமமாகிவிட்டால் அவையும் விரைவில் போய்விடுகின்றன. ஆகவே மிஞ்சியிருக்கும் எழுத்துகளின் இடத்தையும் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மூன்று எழுத்துகளும் அவற்றுக்கு நடுவே எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறது என்ற கணக்கும் கிடைத்தால், நன்றாக இருக்கும் ஒரு நாணயத்தின் படத்தோடு பொருத்திப் பார்ப்பது எளிது. முகத்தின் கழுத்து எங்கே வெட்டுப்படுகிறது, மகுடத்தின் முனை எழுத்துகளுக்கு இடையே நுழைகிறதா, பின்புறத்தில் மாலையா வட்டமா கேடயமா என்பவை எல்லாம் எழுத்தைவிட நெடுநாள் நிலைப்பவை.

எந்த அளவுகளை எடுக்க வேண்டும்?

எடை, விட்டம், தடிமன், விளிம்பின் தன்மை ஆகிய நான்கையும் எடுக்க வேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசும் ஒரு வெர்னியர் அளவியும் போதுமானவை.

இவற்றில் விட்டத்தையே நான் அதிகம் நம்புவேன். பல பத்தாண்டுகள் கைமாறிய நாணயம் எடையில் நூற்றுக்குச் சில பங்கை இழந்திருக்கும், மிக மோசமாகத் தேய்ந்தவை பத்துப் பங்கு வரையிலும் இழந்திருக்கும். விட்டமோ அவ்வளவு குறைவதில்லை. எனவே எடை என்பது எப்போதும் கீழ்வரம்பு என்றே கொள்ள வேண்டும்: தேய்ந்த நாணயம் தன் சட்ட எடைக்குக் குறைவாக இருப்பது இயல்பு, கூடுதலாக இருந்தால் உடனே ஐயப்பட வேண்டும்.

சில வரிசைகளில் அளவே காலத்தைச் சொல்லிவிடும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களின் டாலர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1903-04இல் வந்தது 26.95 கிராம் எடையும் 900 பங்குத் தூய்மையும் கொண்டது; வெள்ளியின் மதிப்பு நாணயத்தின் முகமதிப்பைத் தாண்டும் நிலை வந்ததால் 1907இல் அதை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919 முதல் 16.85 கிராமாகவும் 500 பங்கு வெள்ளியாகவும் இன்னும் குறைத்தார்கள். இம்மூன்றின் எடையும் தேய்மானத்தால் மறையாத அளவுக்கு வேறு வேறு என்பதால், முற்றிலும் வழுக்கையான டாலரைக்கூடத் தராசை வைத்தே வகைப்படுத்தலாம்.

வேறு சில இடங்களில் அளவு நம்மைக் குழப்பவும் செய்யும். 1865இல் பிரான்சு, பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகியவை செய்துகொண்ட இலத்தீன் நாணய ஒப்பந்தத்தின்படி பிராங்கும் லிராவும் ஒரே 5 கிராம், ஒரே 835 பங்கு, ஒரே 23 மில்லிமீட்டர். பின்னர் சேர்ந்த கிரேக்கத்தின் திராக்மாவும் அவ்வாறே. அங்கே அளவு நாட்டைச் சொல்லாது. ஆனால் வெள்ளியின் அளவைச் சொல்லிவிடும் என்பதால், நாடு தெரியாவிட்டாலும் நம் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

முகத்தின் வெளிக்கோடு மட்டும்தான் தெரிகிறது. அதிலிருந்து காலத்தைச் சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும். பிரிட்டிஷ் மரபில் அடுத்தடுத்து வரும் அரசர்களின் முகங்கள் எதிரெதிர்த் திசைகளை நோக்கும். இந்திய ரூபாயில் இதை அப்படியே பின்தொடரலாம். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக வெளியிட்ட ரூபாயில் நான்காம் வில்லியம் மகுடமின்றி வலப்புறம் நோக்குகிறார். 1840 முதல் விக்டோரியா இடப்புறம் நோக்குகிறார். கம்பெனிக் காலத்தில் தலையில் பட்டிகை மட்டும், 1862 முதல் மகுடமும் ஆடையணிந்த மார்பளவு உருவமும். 1903 முதல் ஏழாம் எட்வர்டு மகுடமில்லாத தலையுடன் வலப்புறம். 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ் மகுடத்துடன் இடப்புறம். அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜும் இடப்புறமே. நடுவில் ஓராண்டுகூட நிறைவடையாமல் பதவி துறந்த எட்டாம் எட்வர்டுக்கு ஒரு திசை கணக்கில் போய்விட்டதால் இந்தத் தொடர்ச்சி.

எனவே வலப்புறம் நோக்கும் முகம் என்றால் வில்லியம் அல்லது ஏழாம் எட்வர்டு என இரண்டே வாய்ப்புகள். எட்வர்டுக்குத் தாடி உண்டு, வில்லியமுக்கு இல்லை. தாடியின் வெளிக்கோடு கழுத்தின் முன்பகுதியை மறைப்பதால் மிகத் தேய்ந்த நாணயத்திலும் அது தெரியும். இடப்புறம் நோக்கும் மகுடத் தலை என்றால் பெண்ணுருவா, தாடியுள்ள ஆணா, தாடியற்ற ஆணா என்று பார்த்தால் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று பிரிந்துவிடும். ஒரு நாணயத்தின் வயதை இவ்வளவு சிறிய அடையாளங்களால் சில பத்தாண்டுகளுக்குள் அடக்கிவிட முடிவது, மனிதமுகம் பொறித்த நாணயங்களுக்கே உரிய வசதி.

ஆண்டெண் தெரிகிறது, ஆனால் 1172, 1087 என்பது போல் இருக்கிறது. இவ்வளவு பழையதா?

அவசரப்பட வேண்டாம். அது வேறொரு ஆண்டு முறையாக இருக்கும். அரபு அல்லது பாரசீக எழுத்துள்ள நாணயங்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு என்பதால் வெறுமனே 622ஐக் கூட்டினால் தவறாகும், ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கிப் பின் 622ஐக் கூட்ட வேண்டும். 1214 என்பது அவ்வாறு 1799 வாக்கில் வரும். அவ்வெழுத்தில் சுழியம் ஒரு புள்ளி. சிறு வட்டமாகத் தெரிவது ஐந்து. இதை மாற்றிப் படித்து நூற்றாண்டுகளைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

விக்கிரம ஆண்டானால் 57ஐக் கழிக்க வேண்டும், சக ஆண்டானால் 78ஐக் கூட்ட வேண்டும். திருவிதாங்கூர் நாணயங்களில் வரும் கொல்லம் ஆண்டுடன் 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும்; 1087 என்பது 1911-12. தாய்லாந்தின் புத்த ஆண்டில் 543ஐக் கழிக்க வேண்டும். அந்நாட்டின் ரத்தனகோசின் ஆண்டு மூன்றிலக்கமாகத் தோன்றும், அதனுடன் 1781ஐக் கூட்ட வேண்டும். சப்பானிய நாணயங்களில் இருப்பது பேரரசரின் ஆட்சியாண்டு. மெய்ஜி 30 என்பது 1897.

நாணயத்தில் உள்ள ஆண்டிலேயேதான் அது அடிக்கப்பட்டதா?

பெரும்பாலும் ஆம், ஆனால் நன்கறியப்பட்ட விதிவிலக்குகள் உண்டு. மக்கள் பழகிய வடிவத்தை மாற்றினால் நாணயத்தை வாங்க மறுப்பார்கள் என்ற அச்சத்தால் ஒரே ஆண்டை உறையவைத்து அடிப்பது பல அரசுகளின் வழக்கமாக இருந்தது. இதற்குப் பேர்பெற்றது ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் உருவம் பொறித்த தாலர் என்ற வெள்ளி நாணயம். அவர் இறந்த 1780ஆம் ஆண்டைத் தாங்கியே அது பின்னர் பல நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டது; இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலும் அடித்தார்கள், வியன்னாவில் இன்றும் அடிக்கிறார்கள். எடை 28.07 கிராம், தூய்மை 833 பங்கு. இந்த ஆண்டெண்ணை மட்டும் கண்டு பதினெட்டாம் நூற்றாண்டு நாணயம் என்று முடிவு கட்டினால் பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

இந்தியாவிலும் இதே கதைதான். கம்பெனி, சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டும் ஆறாம் ஆட்சியாண்டும் உறைந்து நின்றன, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே ஆண்டுதான். வங்காளத்தின் முர்ஷிதாபாத் ரூபாயில் அடுத்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டும், ஃபரூக்காபாத் ரூபாயில் அவரது 45ஆம் ஆட்சியாண்டும் அவ்வாறே உறைந்தவை. 1862 என்ற ஆண்டிட்ட விக்டோரியா ரூபாயும் அதன் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக அதே எண்ணுடன் வெளிவந்தது. பின்புறத்திலுள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு உண்மையான காலத்தை ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள், தேய்ந்த நாணயத்தில் அந்தப் புள்ளிகளுக்கு உயிர் இருப்பதில்லை. இத்தகைய வரிசைகளில் கையால் அடித்தவற்றின் ஒழுங்கற்ற வட்டத்தையும் இயந்திரத்தில் அடித்தவற்றின் சீரான விளிம்பையும் ஒப்பிடுவதே காலத்தை நெருங்கும் வழி.

ஆண்டெண் ஒருபோதும் இருந்ததில்லை என்று தோன்றுகிறதே?

முத்திரைக் காசுகள், பழைய அரசமரபுகளின் காசுகள், தெனாரியசு எனப்படும் ரோமானிய வெள்ளிக் காசுகள் எவற்றிலும் நமக்குப் பழக்கமான ஆண்டெண் இருக்காது. அங்கே சின்னங்களின் வகையும் எழுத்தின் வடிவமும் எடைத்தரமும்தான் காலத்தைச் சொல்லும். அவற்றை நீங்களாகச் சோதித்துப் பார்க்காமல், கிடைத்த நிலையிலேயே ஒரு நாணயவியல் அறிஞரிடமோ அருங்காட்சியகத்திடமோ காட்டுவதே சரி.

நாணயம் எதுவென்று தெரிந்துவிட்டது. தூய்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

நாணயப் பட்டியல் நூல் ஒவ்வொன்றும் அதைத் தரும். அடிக்கடி கைக்கு வருபவற்றை மட்டும் இங்கே சொல்லலாம். இந்திய ரூபாய் 1835 முதல் 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆயிரத்தில் 917 என்று எழுதுவது இதைத்தான். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46 கிராம், எல்லாவற்றுக்கும் அதே தூய்மை. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில், 1940ஆம் ஆண்டிட்ட ரூபாயிலிருந்து வெள்ளி 500 பங்காகக் குறைந்தது, எஞ்சியது செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947ஆம் ஆண்டிட்ட, புலி பொறித்த ரூபாயில் வெள்ளி அறவே இல்லை, அது நிக்கல். இரண்டணா 1918 முதல் செம்பு-நிக்கலுக்கு மாறிவிட்டது.

பிரிட்டனில் 1919 வரை 925, 1920 முதல் 1946 வரை 500, அதன்பின் செம்பு-நிக்கல். கனடாவில் 1919 வரை 925, அடுத்து 800. அமெரிக்காவின் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் ஆகியவை 1964 வரை 900. அரை டாலரில் மட்டும் 1970 வரை 400 பங்கு வெள்ளி தொடர்ந்தது. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: தூய்மை குறைந்த ஆண்டுகள் உலகப் போர்களைச் சுற்றியும் வெள்ளி விலையேற்றத்தைச் சுற்றியும் கூடியிருக்கின்றன. ஆகவே தேய்ந்த நாணயத்தில் ஆண்டை முழுதாகப் படிக்க முடியாவிட்டாலும், மாற்றம் நிகழ்ந்த ஆண்டுக்கு முன்பா பின்பா என்பதை மட்டும் தீர்த்தால் போதும்.

நிறத்தைக் கொண்டு சொல்ல முடியாதா?

ஓரளவுக்குத்தான். மேடான பகுதிகளில் மஞ்சள் அல்லது செம்மை கலந்த நிறம் எட்டிப்பார்த்தாலோ பச்சைப் படிவு இருந்தாலோ செம்பு அதிகம் என்று பொருள். நல்ல வெள்ளி கருமையாகவோ நீலம் கலந்த சாம்பலாகவோ மாறும். நிறத்தைச் சான்றாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

காந்தச் சோதனை எவ்வளவு நம்பகமானது?

ஒட்டினால் அது வெள்ளி அல்ல. எஃகாகவோ நிக்கலாகவோ இருக்கும். ஒட்டாவிட்டால் அதனால் எதுவும் நிறுவப்படாது, ஏனெனில் செம்பு, பித்தளை, ஈயம், செம்பு-நிக்கல் ஆகிய எவையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

நீரில் அமிழ்த்தி அடர்த்தி காண்பது எப்படி?

வீட்டில் செய்யக்கூடியவற்றுள் நாணயத்துக்குத் தீங்கு செய்யாததும் எண்ணாக விடை தருவதும் இது ஒன்றுதான். முதலில் உலர்ந்த நாணயத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு சிறு குவளை நீரை வைத்துத் தராசைச் சுழியமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை, அது முழுவதும் மூழ்கி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாமல், கையால் அல்லாது ஒரு தாங்கியில் தொங்கவிடுங்கள். தராசு இப்போது எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் நாணயத்தின் கனஅளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நாணயத்தில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கனஅளவு கூடி வெள்ளி குறைவாகத் தோன்றும். நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் குமிழ்கள் ஒட்டா. நீர் 30 பாகை செல்சியசில் இருந்தால் அதன் அடர்த்தி 0.996 மட்டுமே என்பதால் விடையை அதனால் பெருக்குவது நல்லது.

தூய வெள்ளி 10.49, 917 பங்கு 10.34, 835 பங்கு 10.20, போர்க்கால 500 பங்கு ரூபாய்க்கு ஏறத்தாழ 9.5, செம்பு-நிக்கலுக்கு 8.9. தேய்மானம் எடையைக் குறைக்கும், அடர்த்தியை மாற்றாது. அதனால்தான் தேய்ந்த நாணயத்துக்கு இந்தச் சோதனை வேறெதையும்விடப் பொருத்தமாகிறது.

இதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு ரூபாயின் கனஅளவு 917 பங்கு வெள்ளியானால் 1.13, 500 பங்கானால் 1.22, செம்பு-நிக்கலானால் 1.31 கன சென்டிமீட்டர், 0.01 கிராம் பிழையுள்ள தராசு இவற்றைத் தெளிவாகப் பிரிக்கும். அதே தராசில் ஓர் இரண்டணாவை வைத்தால் வெள்ளிக்கு 0.14, செம்பு-நிக்கலுக்கு 0.16, தராசின் பிழையே வேறுபாட்டில் பாதியை விழுங்கிவிடுகிறது. சிறு நாணயங்களுக்கு மில்லிகிராம் தராசு வேண்டும், அல்லது ஒரே வகையைச் சேர்ந்த பலவற்றைச் சேர்த்து அமிழ்த்திச் சராசரி காண வேண்டும்.

அமிலமும் எக்ஸ்-கதிர்க் கருவியும் இன்னும் துல்லியமானவை அல்லவா?

அமிலச் சோதனையில் நைட்ரிக் அமிலமும் டைகுரோமேட் உப்பும் கலந்த கரைசல் வெள்ளியின் மேல் சிவப்பாக மாறும். அது தொட்ட இடத்தில் நீங்காத கறையை விட்டுச் செல்லும், ஆளுக்கும் ஆபத்தானது, முலாம் பூசிய போலியிலும் அதே சிவப்பைக் காட்டும். ஆழமாக அராவிப் பார்த்தால்தான் முலாம் வெளிப்படும். அராவிய பின் சேகரிப்பாளர் எவரும் அதைத் தொட மாட்டார்.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி நாணயத்தைக் காயப்படுத்தாது, சில நொடிகளில் விழுக்காட்டுக் கணக்கும் தரும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பிலிருந்து மிக மெல்லிய ஓர் அடுக்கை மட்டுமே, அந்த அடுக்கோ பல நேரங்களில் உள்ளே இருப்பதைப் பிரதிபலிப்பதில்லை. தூய்மை குறைந்த கலவையை நாணயச்சாலையில் சூடாக்கும்போது மேற்பரப்பின் செம்பு ஆக்சைடாக மாறும். அடிப்பதற்கு முன் அமிலத்தில் முக்கும்போது அது கரைந்து, வெள்ளி மிகுந்த ஒரு தோல் எஞ்சும். மண்ணில் புதைந்து கிடந்த நாணயத்திலும் செம்பு முதலில் அரிக்கப்பட்டு இதே நிலை உண்டாகும். மூன்றாம் நூற்றாண்டின் ரோமானிய நாணயங்கள் சிலவற்றில் உள்ளே நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இல்லாதிருக்க, மேற்பரப்பு வெள்ளியாகவே மின்னும். ஒரே நாணயத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு விழுக்காடு கிடைத்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மிகவும் தேய்ந்த மேட்டுப் பகுதியில் எடுத்த அளவே உண்மைக்கு அருகில் இருக்கும்.

தட்டிப் பார்த்து ஒலியால் அறியலாமா?

விரல் நுனியில் நிறுத்தி மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் வெள்ளி நீண்டு ஒலிக்கும், ஈயம் மந்தமாக அடங்கும். உள்வெடிப்புள்ள அசல் நாணயமும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. கல் தரையில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

துளை அல்லது பற்றவைத்த தடயம் இருந்தால்?

நாணயங்களை அணிகலனாக்குவது உலகெங்கும் இருந்த பழக்கம். உச்சியில் விளிம்பைக் கவனித்தால் வளையத்தை எடுத்த இடத்தில் வரிகள் அழிந்து ஒரு மேடோ வேறு நிறமோ தெரியும். பற்றவைக்கப் பயன்பட்ட உலோகமான பற்றாசின் தூய்மை நாணயத்தின் தூய்மை அல்ல. அது எடையைக் கூட்டும், துளை எடையைக் குறைக்கும். இரண்டு நிலையிலும் சட்ட எடையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, விட்டத்தையும் உருவத்தையும் நம்புங்கள்.

போலிகளை எப்படி இனங்காண்பது?

வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடோ அது அராவப்பட்ட தடயமோ இருக்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். எழுத்துகளின் ஓரங்கள் தேய்ந்தது போல் அல்லாமல் கரைந்தது போல் வழுவழுப்பாக இருக்கும். தேய்மானம் மேடுகளைத்தான் தாக்கும், பள்ளங்களை விட்டுவைக்கும். பள்ளமும் மேடும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது பயன்பாட்டால் வந்த தேய்மானம் அல்ல. முலாம் பூசியவற்றில் உயர்ந்த இடங்களிலும் விளிம்பிலும் உள் உலோகம் தலைகாட்டும்.

இன்னொரு வகை, போலி என்றும் சொல்ல முடியாத கற்பனை நாணயங்கள். 1616, 1818 போன்ற ஆண்டுகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் ஒரு புறத்திலும், இராமர் பட்டாபிடேகம் போன்ற தெய்வ உருவங்கள் மறுபுறத்திலும் உள்ள 'அரையணா'க்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அப்படியொரு அரையணாவைக் கம்பெனி அடித்ததே இல்லை. தெய்வ உருவம் இருப்பதாலேயே எல்லாம் பொய் என்றும் கருதிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நாணயச்சாலை அடித்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் கோபுரமும் திருமாலும் உண்மையாகவே உண்டு.

கடைசியாக, வெள்ளியின் எடையைக் கணக்கிடுவது எப்படி? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

இப்போதைய எடையைத் தூய்மையால் பெருக்க வேண்டும். பட்டியலிலுள்ள எடையை அல்ல. தேய்ந்து போன பகுதியோடு வெள்ளியும் அதே விகிதத்தில் போய்விட்டது.

எடையை 11.32 கிராம் என்றும், விட்டத்தை 30.4 மில்லிமீட்டர் என்றும், விளிம்பில் நேர்வரிகள் எஞ்சியிருப்பதாகவும், முகப்பில் மகுடம் சூடிய தலை இடப்புறம் நோக்குவதாகவும், ஆண்டெண் முற்றிலும் அழிந்ததாகவும் கொள்வோம். எடையும் விட்டமும் இந்திய ரூபாயைக் காட்டுகின்றன. மகுடமும் திசையும் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் மூவரில் ஒருவர் என்கின்றன. சாய்வொளியில் தாடியின் வரம்பு தெரிவதால் ஐந்தாம் ஜார்ஜ். காலம் 1911க்கும் 1936க்கும் இடைப்பட்டது, தூய்மை 917 பங்காக இருக்க வேண்டும். நீரில் அமிழ்த்தியபோது தராசு 1.10 காட்டினால் அடர்த்தி 10.29, தராசின் பிழையைக் கருத்தில் கொண்டால் 10.34க்கு இது போதிய நெருக்கம், 9.5க்கு வெகு தொலைவு. எனவே இது போர்க்கால ரூபாயும் அல்ல, செம்பு-நிக்கல் போலியும் அல்ல. 11.32ஐ 0.917ஆல் பெருக்கினால் 10.38 கிராம் வெள்ளி.